ஆயிரமாவது ஆமை

"ஒரே ஒரு கையெழுத்துய்யா டப்பு. உன் சொத்தையா எழுதிக் கேக்கிறேன்?"

வெர்னா பேனாவை நீட்டுனாங்க. இறால் புடிக்கிற டப்பு ஹால்ஃபோர்டு அதை, கொடுக்கு தூக்குன தேளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாரு.

அலபாமா கடலோரத்துல ஒரு சின்ன ஊரு. வண்டிக்கு நம்பர் பிளேட்டு குடுக்கிற ஆபீஸு. வாசலோரமா ஒரு மடக்கு மேஜையைப் போட்டுக்கிட்டு, ஒரு வருஷமா வெர்னா இதே வேலையாத்தான் இருக்காங்க.

அங்க நம்பர் பிளேட்டுலயே புடிச்ச படம் போட்டு வாங்கிக்கலாம். இது கடலாமை படம் போட்ட புது பிளேட்டு. வாங்குறவங்க கூடுதலா கட்டுற பணம் மணல்மேட்டையும் ஆமை முட்டையையும் காப்பாத்தப் போகும். ஆனா ஆயிரம் பேரு முன்கூட்டியே எழுதிக் குடுத்தாத்தான் அரசாங்கம் அச்சடிக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் அம்புட்டும் குப்பைக்கூடைக்கு.

இன்னிக்குத்தான் கடைசி நாளு. நாலரைக்கு ஆபீஸ் மூடிருவாங்க. மணி நாலாச்சு. சேர்ந்தது தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது.

"ஆமையா? என் வண்டியிலயா?" டப்பு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டாரு. "இறால் வலையில ஆமை தப்பிக்க ஒரு வாசல் வைடான்னு சட்டம் போட்டாங்க. வெச்சேன். ஆமையும் போச்சு, அது பின்னாலயே பாதி இறாலும் டாட்டா காட்டிட்டுப் போச்சு. இப்ப அந்த மகராசி படத்தை வேற நான் ஊர் ஊரா தூக்கிக்கிட்டுத் திரியணுமா?"

வரிசையா நாற்காலியில காத்துக்கிட்டிருந்தவங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சாங்க. டப்போட கூட்டாளி ஓடெல் தொடையிலயே தட்டிக்கிட்டாரு.

"முப்பது வருஷமா அந்தக் கடல்லதானேய்யா பொழைக்கிறே? கொஞ்சம் நன்றி வேணாம்?"

"நன்றி நிறைய இருக்கும்மா. மாட்டத்தான் இடமில்ல. வண்டிக்குப் பின்னாடி ஒரே ஒரு பிளேட்டு. அதுல எங்க சிவப்பு டீமு உக்காந்திருக்கு."

சிக்கலே அதுதான். காலேஜ் ஃபுட்பால்ல ஒண்ணு சிவப்பு டீமு, ஒண்ணு நீல டீமு. அந்தப் பக்கம் பொண்ணு பார்க்கப் போனாக்கூட, என்ன வேலைன்னு கேக்கிறதுக்கு முன்னாடி எந்த டீமுன்னுதான் கேப்பாங்க. பிளேட்டுலயும் டீமு சின்னந்தான். ஆமையை ஏத்தணும்னா டீமை இறக்கணும். அதுக்கு வண்டியையே வித்துரலாம்னு சொல்றவங்கதான் பாதிப் பேரு.

"டீமாம் டீமு! கடல்ல ஒரு உசுரு அழிஞ்சுக்கிட்டிருக்கு. வெக்கமா இல்ல உனக்கு?"

டப்பு மெதுவா திரும்பி, கண்ணாடி வழியா பார்க்கிங்கைப் பார்த்தாரு.

"ஏம்மா வெர்னா, அந்த வெள்ளை வண்டி உன்னோடதுதானே? பின்னாடி நீலமா ஏதோ மினுக்குதே. ஆமையில நீலக் கலரும் வந்திருச்சா?"

சிரிப்பு பொசுக்குன்னு நின்னுருச்சு.

வெர்னா முகம் செத்துப்போச்சு. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பேருகிட்ட பேசியிருக்காங்க. ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்ல.

"அது... அது வேறய்யா."

"எங்க டீமை எல்லாம் கழட்டச் சொல்லுவே, உன்னோடது மட்டும் வேறயா? முதல்ல அந்த நீலத்தைக் கழட்டிக் கொண்டாந்து இந்த மேஜையில வை. அப்புறம் பேனாவை நீட்டு."

வெர்னா எந்திரிச்சாங்க. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ட்வைலாகிட்ட ஸ்க்ரூ டிரைவர் கேட்டாங்க.

"வெர்னாம்மா, உக்காருங்க. அவரு சும்மா வம்பிழுக்கிறாரு."

"இல்லம்மா. அந்த ஆளு சொல்றதுல என்ன தப்பு?"

வெயில்ல, வண்டிக்குப் பின்னாடி குத்தவெச்சு உக்காந்தாங்க. முதல் ஸ்க்ரூ சுத்துச்சு. ரெண்டாவது, உப்புக்காத்துல துருப்புடிச்சுக் கெட்டியா உக்காந்திருந்துச்சு.

புருஷன் ராய்ஸ் மாட்டுனது. மாட்டி முடிச்சு எந்திரிச்சு, "இதை எவன் கழட்டுறான்னு பார்த்துருவோம்"னு சிரிச்சாரு மனுஷன். அடுத்த சீசன் மேட்ச்சைப் பார்க்க அவரு இல்ல. நாலு வருஷம் ஆச்சு. சட்டை, செருப்பு, தூண்டில் எல்லாத்தையும் குடுத்தாச்சு. இது ஒண்ணு மட்டும் தினம் கடைக்கு, சர்ச்சுக்கு, கடற்கரைக்குன்னு கூடவே வந்துக்கிட்டிருக்கு.

கழட்டப் போன கை, சட்டை முனையால பிளேட்டு மேல இருந்த தூசியைத் துடைச்சுவிட்டுச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

மணி நாலு இருவது.

"கோச்சுக்காதீங்க ராய்ஸ்"னு மெல்லச் சொல்லிட்டு உள்ள வந்தாங்க.

"ஸ்க்ரூ வரமாட்டேங்குது ட்வைலா. பரவால்ல, என் பேரை எழுது. ஆமை வந்ததும் ஆளை வெச்சாவது கழட்டிர்றேன்."

ட்வைலா காகிதத்தைத் திருப்பிக் காட்டுனா. "தேவையில்ல, வெர்னாம்மா. ஆயிரம் ஆயிருச்சு."

"ஆயிருச்சா? யாரு போட்டது?"

ட்வைலா டப்பு பக்கம் திரும்புனா. அதுக்குள்ள ஓடெல் வெடிச்சுட்டாரு. "டேய் டப்பு, மேட்ச் அன்னிக்கு எங்க பக்கத்துல வந்து உக்காந்துராதே, சொல்லிட்டேன்! ஆமைக்காரன்லாம் தனியா உக்காரணும்!"

டப்பு தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு, சுவத்துல இருந்த அறிவிப்பை என்னமோ பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சுக்கிட்டிருந்தாரு.

"ஏய்யா... நீதான் மாட்டவே மாட்டேன்னியே?"

"கண்ணாடி வழியா பார்த்தேன். கழட்டப் போனவ துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தே." டப்பு தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. "ராய்ஸோட டீமை மைதானத்துல எத்தனை தடவை வேணாலும் ஜெயிக்கலாம்மா. இந்தப் பார்க்கிங்ல, அதுவும் அவன் பொண்டாட்டி கையாலயே அவனைத் தோக்கடிச்சா, அது ஒரு ஜெயிப்பா?"