வாழைப்பழம் தடவிய கயிறு

தூக்குக் கயிற்றுக்கு நெய்யும் வாழைப்பழமும் தடவி, அடைக்கலமேரியின் சிறை அறைக்கு எதிரே தொங்கவிட்டிருந்தார்கள். மறுநாள் விடிந்தால் அவளுக்குத் தூக்கு.

"ஏழு வருஷமா இவளைப் பிடிச்சு வெச்சு என்னத்தைச் சாதிச்ச? எனக்கு ஒரு நிமிஷம் போதும்" என்று கயிறு, அறைப் பூட்டைச் சீண்டியது.

"ஒருநாள் திறக்கலாம்னுதான் வாயை மூடிக்கிட்டிருக்கேன் அண்ணே" என்றது பூட்டு.

"திறந்து கிழிச்ச!" என்று கயிறு சிரித்தது.

சாயங்காலம் ஜெயிலர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கொலை செய்தது வேறொருவன். அவனே வந்து ஒப்புக்கொண்டுவிட்டான். சாவி திரும்பியது. மேரி ஓடிப்போய், வாசலில் நின்ற மகளை அள்ளிக்கொண்டாள்.

"அண்ணே, திறந்துட்டேன்!" என்று பூட்டு சிறையே அதிரக் கூவியது.

 கயிற்றை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.