கழுவாத கால்கள்

“வேற யாரு வந்தாலும் சரி. அவ மட்டும் வேணாம்.”

ஹிலாரியா தன் இரண்டு கால்களையும் பாவாடை மடிப்புக்குள் இழுத்துக்கொண்டாள். எதிரே கையில் எனாமல் பேசினோடு நெமேசியா நின்றாள். பேசினிலிருந்து ஆவி பறந்தது. தித்திகாகா ஏரிக் குளிரில் அது எத்தனை நேரம் தாங்கும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கர்த்தரின் நினைவாக அப்பமும் திராட்சைச் சாறும் எடுப்பதற்கு முன்னால், சபைப் பெண்கள் இந்தப் பக்க அறையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். மனஸ்தாபம் உள்ளவர்களே தேடிப்போய் ஜோடி சேர்வதுதான் வழக்கம். கழுவாதவர்களுக்கு அப்பம் இல்லை என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் ஹிலாரியா நாலு வருஷமாய்க் கழுவவும் இல்லை, அப்பத்தைத் தொடவும் இல்லை.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்கே தெரிந்த கதை. நெமேசியாவின் மகன் அப்தியாஸும் ஹிலாரியாவின் மகன் எல்மெரும் அப்தியாஸின் மோட்டார் சைக்கிளில் சந்தையிலிருந்து திரும்பினார்கள். வளைவில், ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவர் மேல் வண்டி மோதியது. பெரியவரும் போனார், எல்மெரும் போனான்.

பக்கத்து வயலில் கிழங்கு பறித்துக்கொண்டிருந்த ஹிலாரியாதான் முதலில் ஓடினாள். மகனின் கைகளிலிருந்து முழங்கை வரை நீண்ட, குளிருக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் போடும் தோல் கையுறைகளை உருவிப் போட்டுவிட்டு, விரல்களை வாயருகே வைத்து ஊதி ஊதிச் சூடாக்கிப் பார்த்தாள். வேறு யாரையும் அவனைத் தொட விடவில்லை.

மண்டையில் அடிபட்ட அப்தியாஸுக்கு எதுவும் நினைவில்லை. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி ஹிலாரியா. அவள் சொன்ன சாட்சியில் அப்தியாஸுக்கு ஆறு வருஷம் சிறை விழுந்தது. இன்னும் இரண்டு வருஷம் மிச்சமிருக்கும்போது, போன மாதம், நெஞ்சில் சளி கட்டிச் சிறை ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனான். கடைசி இரண்டு நாளும் மறந்துபோன பழசெல்லாம் நினைவு வந்து அவன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு நெமேசியா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஹிலாரியா, பிள்ளையைப் புதைச்ச அன்னைக்கு உடுத்தின கறுப்புத் துணி கூட மாத்தாம வந்து நிக்கிறா. உனக்கு இன்னும் என்னடி வேணும்?” என்றாள் தொமித்தீலா. கெட்டிலும் துண்டுகளும் அவள் பொறுப்பு. “இன்னைக்காவது அப்பம் எடு. கர்த்தர் உன்னை மன்னிச்ச மாதிரி நீயும் அவளை மன்னிச்சிரு.”

“என்னை மன்னிச்சுட்டேன்னு கர்த்தர் உன்கிட்ட வந்து சொன்னாரா?”

“வாய்க்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல!”

மூலையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். “சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. கெட்டிலை இந்தப் பக்கம் தள்ளு தொமித்தீலா, என் காலு சேத்துக்கு ஒரு பேசின் பத்தாது.”

“உன் குதிகால்ல விதை போட்டா கிழங்கே முளைக்கும்டி!” என்றாள் அவள் ஜோடி. தொப்பிகள் குலுங்கப் பெண்கள் சிரித்தார்கள்.

நெமேசியா சிரிக்கவில்லை. பேசினைக் கீழே வைத்துவிட்டு மெல்ல மண்டியிட்டாள். மூட்டு இரண்டும் சடசடத்தன.

“எந்திரி. உன் மூட்டுக்குத் தரை ஆகாது” என்றாள் ஹிலாரியா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

“ஆகலைன்னா என்ன அக்கா. ரொம்ப நேரம் ஆகாது.”

“என்னைத் தொடாதே நெமேசியா. சொன்னாக் கேளு.”

“பாரேன், பிள்ளையைப் பறிகொடுத்தவ மனசு, நாலு வருஷமாகியும் ஆறலை” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

நெமேசியா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாவாடை மடிப்புக்குள் கையை விட்டு வலது காலைப் பிடித்து வெளியே எடுத்தாள். கம்பளிக் காலுறையை உருவினாள். வெடித்த குதிகாலை உள்ளங்கையில் தாங்கி வெந்நீருக்குள் இறக்கினாள். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் ஒரு கை நீரை அள்ளி அள்ளி விட்டாள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பாட ஆரம்பித்தார்கள். பாட்டுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. கொன்றவனின் தாய், செத்தவனின் தாய்க்குக் கால் கழுவுகிறாள். அப்படி ஒன்றை அந்தச் சபை அதுவரை பார்த்ததில்லை.

ஹிலாரியா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். பேசின் தண்ணீர் தளும்பிச் சிந்தியது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

“எல்மெர்தான் ஓட்டினான்!”

பாட்டு நின்றது.

“என் பிள்ளைதான் ஓட்டினான். உன் பிள்ளை பின்னாடி உக்காந்திருந்தான். ஒரு உசிரை எடுத்தவன்னு அவன் கல்லறையைப் பாத்து ஊரு சொல்லுமேன்னு பயந்தேன். போலீஸ்ல பொய் சொன்னேன், கோர்ட்டுல சத்தியம் பண்ணினேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஒவ்வொரு தடவையும் இந்தக் கதவு வரைக்கும் வருவேன். சொல்ல வாய் வராது. இன்னும் ரெண்டே வருஷம், வெளிய வந்துருவான்னு நினைச்சேன். அவன் செத்தே போயிட்டான். நான் கொன்னுட்டேன் நெமேசியா.”

தொமித்தீலாவின் கையிலிருந்த கெட்டில் சாய்ந்து தரையெல்லாம் வெந்நீர் ஓடியது. அவள் அதை நிமிர்த்தவில்லை.

நெமேசியா துண்டை மடியில் விரித்தாள். இழுத்துக்கொண்ட காலைத் திரும்பவும் எடுத்து அதில் வைத்தாள். விரல் இடுக்கு ஒன்றையும் விடாமல் ஈரம் ஒற்றினாள். தன் கண்ணிலிருந்து சொட்டியதையும் சேர்த்தே துடைத்தாள்.

“தெரியும் அக்கா. அடுத்த காலைக் குடு.”