துடைப்பக்காரன்

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அவள் அந்தப் பழைய ஜாம்பி விளையாட்டைத் தொலைக்காட்சியில் போட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல்முறை.

கல்யாணத்துக்கு முன் முகம் தெரியாத ஒருவனோடு இணையத்தில் இதை ஆடினாள். அவனுடைய ஆயுதம் துடைப்பம். அவள் சாகப்போகும் போதெல்லாம் தன் கடைசி மருந்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவன் சாவான். நேரில் பார்க்க வேண்டும் என்றாள். பூங்காவுக்கு வந்தவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

"துடைப்பம் பிடிக்க மறந்துடலையே?"

"அதெல்லாம் கைப்பழக்கம்" என்றான் கணவன்.

திரையில் வெட்டுப்பட்ட ஜாம்பித் தலைகள் "மன்னிக்கணும்" என்றபடி உருண்டன. கணவனின் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான்.

"என்னங்க, சுவரையா பெருக்கறீங்க? மருந்தைக் குடுங்க, சாகப்போறேன்!"

அவன் எதையோ அமுக்கினான். மருந்தை அவனுடைய ஆளே குடித்தான்.

"எந்தப் பட்டன்னு மறந்துபோச்சும்மா."

அவள் சிரித்தாள். எப்படியோ தப்பி ஓடினாள்.

கொழுந்தன் திரைக்கு முதுகு காட்டி, ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். விளையாட்டில் பாலம் வரும் கட்டத்தின் இசை கேட்டது. அவன் திரும்பாமலே சொன்னான்.

"அண்ணி, பாலம் இறங்கினதும் இடதுபக்கம் ஓடாதீங்க. எப்பவும் அங்கதான் மாட்டிக்குவீங்க."

கணவன் சட்டென்று தம்பியைப் பார்த்தான். இஸ்திரிப்பெட்டி நகரவில்லை. துணி கருகும் வாசனை வந்தது.

அவள் விளையாட்டை நிறுத்தினாள்.

"எப்பவும்னா எப்ப, தம்பி?"