நன்றிக்கு அடுத்த வாக்கியம்

அமைச்சர் சட்டென்று அவர் பக்கம் கையை நீட்டினார்.

“சாட்சிக்கு வெளியே எங்கும் போக வேண்டாம். இதோ, நம் உறுப்பினரின் துணைவியார் அதே மருத்துவமனையில், அதே வார்டில்தான் இருந்தார். பிழைத்து வந்திருக்கிறார். ஆக்சிஜன் தீர்ந்ததா என்று உறுப்பினரே சொல்லட்டும்.”

ஆளுங்கட்சி வரிசை முழுதும் மேசையைத் தட்டியது.

அவர் கடைசி வரிசைக்காரர். ஜெயித்து வந்ததிலிருந்து இந்த அவையில் யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை. இன்று கேட்டுவிட்டார்கள்.

எதிரே மரகதவல்லி உட்காராமல் நின்றார். எதிர்க்கட்சி உறுப்பினர். காலையிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி. கொரோனாவின்போது அந்த வார்டில் ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை பேர் செத்தார்கள்?

ஒருவர்கூட இல்லை என்பது அமைச்சரின் பதில்.

அப்படியானால் விசாரணைக்கு என்ன பயம் என்று அந்த அம்மாள் விடவில்லை. பரஞ்சோதி என்ற டிராக்டர் மெக்கானிக்கின் பெயரைச் சொன்னார். மாரடைப்பு என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், அவர் மனைவி நம்ப மாட்டேன் என்கிறார் என்றார்.

அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே கடைசி வரிசைக்காரர் குனிந்துகொண்டார்.

பரஞ்சோதி படுத்திருந்தது உறுப்பினரின் மனைவிக்கு அடுத்த கட்டிலில்.

எம்.எல்.ஏ. என்பதால் அன்று அவரை வார்டுக்குள் விட்டார்கள். உள்ளே போய் அவர் சொன்னது இவ்வளவுதான்.

“ஏதாவது பண்ணுங்கய்யா.”

மனைவிக்கு உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்லியிருப்பான். மற்றவன் சொன்னால் அது அழுகை. ஆளுங்கட்சிக்காரர் சொன்னால் உத்தரவு. ஊழியர்கள் இரண்டு பேர் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்கள். அங்கிருந்த சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை வீட்டில் சொல்லவில்லை. குலதெய்வம் காப்பாற்றியது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தேறியதும் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தாள்.

“உறுப்பினர் சுருக்கமாகச் சொல்லலாம்” என்றார் பேரவைத் தலைவர்.

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எழுந்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். அவர் கத்திவிடத்தான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். சீட்டுப் போகட்டும். கட்சி போகட்டும். ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்க இனி முடியாது.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே…”

நம் அவைகளில் ஒரு வழக்கம் உண்டு. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதானாலும் முதலில் கட்சித் தலைவரை வணங்க வேண்டும். தலைவரைத் தந்த தலைவரை வணங்க வேண்டும். வாய்ப்புக் கொடுத்தவர்களுக்கும் ஓட்டுப் போட்டவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதெல்லாம் ஆன பிறகுதான் குழாய்.

வாய் பழகிய தடத்தில் போயிற்று.

தலைவரை வணங்கினார். மேசைகள் தட்டப்பட்டன. அமைச்சரின் தாயுள்ளத்தை வணங்கினார். மறுபடி மேசைகள். ஊண் உறக்கம் இல்லாமல் உழைத்த மருத்துவர்கள் என்றார். அதற்கும் தட்டினார்கள்.

இதை முடித்ததும் சொல்லிவிடலாம்.

இதோ, இதை முடித்ததும்.

ஒரு நன்றி முடிந்தால் இன்னொரு நன்றி வந்து நின்றது. அவருக்கும் அது வேண்டித்தான் இருந்தது.

மரகதவல்லி குறுக்கே பேசவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

“என்னை அனுப்பி வைத்த என் தொகுதி மக்களுக்கு…”

பரஞ்சோதியும் அந்தத் தொகுதிதான்.

மணி அடித்தது.

“நேரம் முடிந்தது. உறுப்பினர் அமரலாம்.”

சிவப்பு விளக்கு அணைந்தது.

அப்போதுதான் வாய் வந்தது.

“பக்கத்துக் கட்டில்காரரு சிலிண்டரப் புடுங்கித்தாங்க என் வீட்டுக்காரிக்கு வெச்சாங்க. அந்தாளு பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் திரும்பி நின்னுக்கிட்டேன்.”

மைக் இல்லாத அந்தக் குரல் நாலு இருக்கை தாண்டவில்லை. அவர் உதடு அசைந்து நின்றதைப் பார்த்த அமைச்சர், பேச்சு முடிந்தது என்று மேசையைத் தட்டினார். அமைச்சர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“உக்காருங்கண்ணே. யாருக்கும் கேக்கல.”

உட்கார்ந்தார்.

நேரில் இருந்தவரே சொல்லிவிட்டார், விசாரணைக்கு அவசியமே இல்லை என்றார் அமைச்சர். மரகதவல்லியின் கட்சி வெளிநடப்புச் செய்தது. அவை அடுத்த அலுவலுக்குப் போயிற்று. யாரோ கொறடா சார்பில் பாராட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் வெளியே தாழ்வாரத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. மனைவி.

“டி.வி.ல பாத்தேங்க. அக்கம்பக்கமெல்லாம் வந்து உக்காந்துட்டாங்க. உங்களக் காட்டுனதும் ஒரே கைதட்டு.”

மூச்சு வாங்க நிறுத்தினாள். இப்போதெல்லாம் நாலு வார்த்தைக்கு ஒரு முறை அவள் நிறுத்த வேண்டியிருக்கிறது.

“கடைசியா என்னமோ சொன்னீங்களே… வாய் அசையுது, சத்தம் வரல. உங்க மொகமே சரியில்ல.”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“என்னங்க சொன்னீங்க?”

நன்றாகக் கேட்கட்டும் என்று அவள் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள்.