முதல் நான்கு பட்டைகள்

“கையைக் காட்டும்மா.”

அம்மாவிடம் அதை மட்டும் கேட்கவே கூடாது என்று எனக்கு ஏழு வயதிலேயே பெரியம்மா சொல்லிவைத்திருந்தாள்.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பதினெட்டு வருஷமாக வெளுப்புத் தண்ணீர். கையுறை கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள். எந்த வருஷத்து அடுத்த மாதம் என்று சொல்ல மாட்டார்கள்.

என் பட்டமளிப்பு விழாப் படத்தில் அம்மாவுக்கு முகம் இருக்கிறது, புதுப்புடவை இருக்கிறது, கை மட்டும் இல்லை. முந்தானைக்குள் சுருட்டி வைத்திருக்கிறாள்.

இப்போதும் கட்டில் ஓரத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

“எதுக்குடி? ரயிலுக்கு நேரமாகுது. கிளம்புற வழியைப் பாரு.”

“காட்டு.”

என் தோளில் உறைக்குள் பேஸ் கிட்டார். ரிப்பேர் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன்.

யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்டதை, கல்லூரியில் படிக்கும்போது வாங்கினேன். இருப்பதிலேயே மலிவான ரகம். அம்மா அதைத் துடுப்பு என்பாள். “நாலு கம்பி கட்டின துடுப்பு. இதை வெச்சுக்கிட்டு எந்த ஆத்தைக் கடக்கப் போறே?” கடைசி வருஷம் விடுதி அறையில் இடமில்லாமல் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

நேற்று கிட்டாரை வெளியே எடுத்தால், அதன் கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது. தந்திக்கும் பலகைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிறது.

வேலைக்குப் போகிற ஊரில் ஒரு இசைக்குழு, ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தது. சொந்த பேஸோடு வர வேண்டும். பிடித்திருந்தால் நான்தான் அவர்களுடைய பேஸ். மூன்று வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஆடித் தீர்த்துவிட்டேன். அக்கா பிள்ளைகள்தான் ஏறி மிதித்திருக்கும் என்று போன் போட்டுக் கத்தினேன். அக்கா பட்டென்று போனை வைத்தவள்தான், இன்னும் பேசவில்லை. அம்மா வாயே திறக்காமல், தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் அதிகம் பேசாத ஆள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டு முறுக்கினார். சாவி சுற்றிக்கொண்டே இருந்தது. கழுத்து அசையவில்லை.

“மரை போயிருச்சும்மா. இனி நிமிராது. கழுத்தையே மாத்தணும்.”

பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதல் நான்கு மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தன.

“யாரோ தினமும் வாசிச்சிருக்காங்க. புதுசா பழகுறவங்க. கையை நகர்த்தத் தெரியல, இந்த நாலைத் தாண்டவே இல்ல. தந்தியை வேற அளவுக்கு மீறி ஏத்தி வெச்சிருக்காங்க. இந்த மரம் எவ்வளவுதான் தாங்கும்?”

வீட்டில் இருப்பது அம்மா மட்டும்.

பாரம் ஏறினால் எது எப்படி வளையும் என்று நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். தந்தியைத் தளர்த்திவிட்டுப் போகத் தோன்றவில்லை.

அம்மா முந்தானையை விலக்கினாள். இடது கையை மட்டும் நீட்டினாள், சூடு வாங்கப் போகிறவள் மாதிரி.

வெடிப்பு. வெண்திட்டு. கரைந்த நகம். விரல் நுனிகளில் காய்ப்பு. தினமும் வாசித்த காலத்தில் என் விரல்களில் இருந்ததே போல.

“உடைக்கணும்னு செய்யலடி. அந்தச் சலவை மெஷின் சத்தம் வீட்டுக்கு வந்தாலும் காதுல ஓடிக்கிட்டே இருக்கும். ஒருநாள் உன் துடுப்பைத் தட்டிப் பார்த்தேன். அதோட சத்தம் மெஷின் சத்தத்தைவிடக் கீழே இருந்துச்சு. முறுக்கி முறுக்கி அதோட சேர்த்தேன். சேர்ந்ததும் அது மெஷின் மாதிரியே இல்ல. யாரோ கூட உக்காந்து பாடுற மாதிரி இருந்துச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. அது அம்மா மேல் இல்லை என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன். சொரசொரவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. அம்மா இழுத்துக்கொள்ளவில்லை.

“நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அக்கா என்னைக் கொல்லப் போறா.”

“நீ ஆடுன ஆட்டத்துல எவ வாயைத் திறப்பா?”

உறையைப் பிரித்து, கிட்டாரை அவள் மடியில் வைத்தேன். புதுக் கழுத்தை அவள் பயந்து பயந்து தொட்டாள். பிறகு பிடித்தாள். கட்டைவிரல் பின்னால் தங்க, மற்ற விரல்கள் சிரமமில்லாமல் நான்கு தந்திகளையும் எட்டின.

“ரொம்ப ஒல்லியா இருக்கே? உன் கைக்கு எப்படிடி?”

காலி உறையை மடித்துக் கட்டில்மேல் வைத்தேன்.

ஒரு தந்தியை மீட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏய், இது நம்ம மெஷின் சத்தம்டி.”

கடையில் நின்றபோது இந்த மெஷின் கதை எனக்குத் தெரியாது. பழைய கழுத்தைக் கழற்றுவதற்கு முன் அதில் இருந்த சுருதியைக் குறித்துக்கொள்ளக் கடைக்காரரிடம் சொன்னேன். கழுத்து தாங்குகிற மாதிரி மெல்லிய தந்தி போட்டு, அதே சுருதிக்கு ஏற்றச் சொன்னேன். இந்தச் சுருதியில் எந்தக் குழுவும் வாசிக்காதே என்றார். தெரியும்ணே என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குழுவுக்குக் கடை வாசலில் நின்றே செய்தி அனுப்பிவிட்டேன்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.

“அடியே, கிட்டாரு!” என்று அம்மா கூப்பிட்டபோது பாதிப் படி இறங்கியிருந்தேன்.

நிற்கவில்லை.