ஒரு நிமிடம் பன்னிரண்டு

“ஏம்மா ட்ரினா, உன் வீட்டுக்காரன் சீட்டுல மட்டும்தான் பாட்டு இல்ல. வீட்டுலயே கேட்டு வாங்கிருக்கலாம்ல?”

மைதான அறிவிப்பாளர் வெர்ன் சிரித்துக்கொண்டே காபிக் குவளையை எம்மெட்டின் சீட்டு மேலேயே வைத்தார்.

“மறந்துட்டார் போல,” என்றாள் ட்ரினா.

குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

காலை ஒன்பதரைக்கு, நீதிமன்றத்தின் இரண்டாவது மாடியில், அவளும் எம்மெட்டும் விவாகரத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவளுடைய பேனா எழுதவில்லை. அவன் தன்னுடையதை நீட்டினான். “தேங்க்ஸ்,” என்றாள்.

ஆறு வருடக் கல்யாணத்தில் கடைசியாகப் பேசிய வார்த்தை அதுதான்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. வருடத்தில் பாதி அவன் அணியோடு ஊர் ஊராகப் பேருந்தில் இருந்தான். மீதிப் பாதியில் இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருக்கப் பழகிவிட்டார்கள்.

விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. இன்று பேஸ்பால் சீசனின் முதல் ஆட்டம். அதைக் கெடுக்க இருவருக்குமே மனமில்லை.

கண்ணாடி அறைக்கு வெளியே வபாஷ் ஆற்றுக் காற்று கொடிகளை அடித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் வெயிலில் சூடே இல்லை.

மட்டையோடு நடந்து வருகிறவனுக்கு அவன் கேட்ட பாட்டு, பத்து நொடி. அவன் கால் பந்தை அடிக்க நிற்கும் கட்டத்துக்குள் விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். எட்டு வருடமாக ட்ரினா செய்கிற வேலை அது.

ஒவ்வொருவரும் சீட்டில் மூன்று வரி எழுதித் தருவார்கள். என்ன பாட்டு, யார் பாடியது, எந்த நொடியில் தொடங்க வேண்டும்.

எம்மெட்டின் சீட்டில் முதல் வரி காலி. முதல் வரி காலியாக இருந்தால் அதற்குக் கீழே யாரும் பார்ப்பதில்லை. ஓரமாக வைத்துவிடுவார்கள்.

முதல் ஆட்டத்துக்குள் பாட்டுச் சொல்லாதவனுக்கு வாத்துப் பாட்டு. இந்த அணியின் வழக்கம் அது. மழலையர் பள்ளியில் பாடுவது, நடுவில் மூன்று முறை ‘குவாக்’ வரும்.

கீழே ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்திலிருந்து தொலைபேசி அடித்தது.

“அக்கா, நம்ம பெருசு பாட்டு குடுக்கலையாமே! புருஷன்னு பாவம் பாக்காதீங்க. வாத்துதான்!”

பின்னால் பத்துப் பேர் வாத்து மாதிரிக் கத்தினார்கள்.

“சரி,” என்றாள்.

முதல் ஆள் அடித்துவிட்டு ஓடி, தப்பித்து நின்றான். இரண்டாவது ஆள் அவுட்.

மூன்றாவது எம்மெட்.

போன வருடம் வரை அவனுக்குப் போட்ட பாட்டு இன்னும் கணினியில் இருந்தது. அவள் விரல் அதன் மேல் ஒரு நொடி நின்றது.

வேண்டும் என்றிருந்தால் எழுதியிருப்பான். அவனுக்கு அது வேண்டாம். அவ்வளவுதான்.

அழுகை வருமோ என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

வாத்தை அழுத்தினாள்.

மைதானம் முழுக்கச் சிரித்தது. குழந்தைகள் எழுந்து நின்று ‘குவாக்’ என்றார்கள். அணி ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

எம்மெட் நடுவழியில் நின்றான். தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தான். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. அவன் சிரிக்கவில்லை என்பது மட்டும் நிற்கிற விதத்தில் தெரிந்தது.

பிறகு கட்டத்துக்குள் கால் வைத்தான். அவள் பாட்டை நிறுத்தினாள்.

மூன்று பந்துகள். மட்டை தோளைவிட்டு இறங்கவே இல்லை. அவுட்.

“என்னாச்சு இவனுக்கு? ஒரு வாத்துக்குப் போய் இப்படி வாடிட்டான்?” வெர்ன் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். சீட்டில் வட்டமாகக் கறை. அதற்குள் எட்டிப் பார்த்தார். “அட லூசுப் பயலே! பாட்டு பேரு இல்ல, பாடுனவன் பேரு இல்ல. எங்க ஆரம்பிக்கணும்னு மட்டும் எழுதிருக்கான் பாரு.”

சீட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஒலிவாங்கிக்குத் திரும்பினார்.

மூன்றாவது வரியில், பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது.

1:12.

சீட்டுகளை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தது பதினோரு மணிக்கு. ஒன்பதரைக் கையெழுத்துக்குப் பிறகு.

அவன் இந்த ஊருக்குப் புதிதாக வந்த கோடையில், அந்தப் பழைய பாட்டைச் சொல்லிவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இந்த அறையில் வந்து நின்றான். அந்த இடத்தை அவள்தான் தேடிக் கொடுத்தாள். பாடகி நடுவில் வரியை மறந்துவிடுகிற இடம். அதை வெட்டி எறியாமல் அப்படியே பதிவில் விட்டிருந்தார்கள்.

ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் அந்தப் பாடகி தன்னை நினைத்தே சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி பாட ஆரம்பிப்பாள்.

வெர்ன் அடுத்த பெயரை அறிவித்தார். எம்மெட்டின் முறை திரும்பி வர இன்னும் எட்டுப் பேர்.

ட்ரினா நான்காவது ஆளுக்குரிய பாட்டை அழுத்தினாள். விரல்கள் எவ்வளவு சில்லிட்டிருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னும் ஏழு பேர்.