விடாத கை

"மேரிறோஸ் அக்கா, கையை விடுங்கோ! பிள்ளை ஏறட்டும்!" படகில் நின்று பக்கத்து வீட்டு ஜெகதீஸ் கத்தினான்.

நெடுந்தீவிலிருந்து காலைப் படகு புறப்படவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மேரிறோஸின் மகள் ஜெனீற்றாவுக்குப் பல்கலைக்கழகக் கம்பஸில் பதியக் கடைசி நாள் இன்றைக்குத்தான். இந்தப் படகை விட்டால் கிடைத்த இடமும் போய்விடும். அவளோ தாயின் தோளில் முகத்தைப் புதைத்தபடி துறையில் நின்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கும் கையிலை பிடிச்சுத்தானே கூட்டிப் போனனீங்கள்? கம்பஸிலையும் பக்கத்துக் கதிரையிலை இருக்கப் போறியளோ?" என்று படகிலிருந்த ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"கடலிலை கால் நனைக்கவே விடாத மனிசி, பிள்ளையைக் கடல் தாண்ட விடுமோ?" என்றார் இன்னொருவர்.

மேரிறோஸின் கன்னங்களில் கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

"கயிற்றைக் கழட்டடா, இனி நிக்க ஏலாது!" என்று படகோட்டி சத்தம் போட்டார்.

ஜெகதீஸுக்குப் பொறுக்கவில்லை. கெட்டித்தனமாகப் படித்த பிள்ளையின் வாழ்க்கையை ஒரு தாயின் பயம் பாழாக்குவதா? துறையில் பாய்ந்தான்.

"இனிச் சொல்லி வேலையில்லை, அக்கா. நானே பிரிக்கிறன்," என்று, இருவரின் கைகளையும் மூடியிருந்த சேலைத் தலைப்பை இழுத்து விலக்கினான்.

மேரிறோஸின் ஐந்து விரல்களும் விரிந்துதான் இருந்தன. அவளுடைய மணிக்கட்டில், இரத்தம் கசியும் அளவுக்கு, ஜெனீற்றாவின் நகங்கள் இறங்கியிருந்தன.

"நான் எப்பவோ விட்டிட்டன், தம்பி," என்று மேரிறோஸ் விம்மினாள். "அவளின்ரை கையைப் பிரிச்சுவிடு."